லயக் காம்பிராவும் எடிஸ்டோ தீவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையக மக்களுக்குக் குடியுரிமையும் வாக்கும் கிடைத்துவிட்டபடியால் காணி விடயத்தை ஆறுதலாகப் பார்க்கலாம் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. தோட்டப் பாடசாலைகளில் நெடுங்காலம் வரலாறு படிப்பித்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. காணியில்லாத உரிமை எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்கு அமெரிக்காவில் விடுதலை பெற்ற அடிமைகளின் கதை ஒரு பாடம்.

1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைகள் விடுதலை பெற்றனர். 1868இல் அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் அவர்களுக்குக் குடியுரிமையையும், 1870இல் 15ஆம் திருத்தம் ஆண்களுக்கு வாக்கையும் உறுதிசெய்தன. காணியின் கதை வேறு. போர் முடியுமுன்பே, 1865 ஜனவரியில், தென் கரோலைனா முதல் புளோரிடா வரையான கரையோரக் காணிகளைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை விடுதலை பெற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வட மாநிலப் படையின் ஜெனரல் ஷேர்மன் கட்டளையிட்டார். மக்கள் குடியேறி விதைத்தும் விட்டார்கள். அதே ஆண்டிலேயே ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அக்காணிகளைப் பழைய முதலாளிமாருக்குத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். ஒக்டோபரில் தென் கரோலைனாவின் எடிஸ்டோ தீவுக்கு அந்தச் செய்தியைச் சொல்ல வந்த, விடுதலை பெற்றோருக்கான அரச பணியகத்தின் தலைவர் ஜெனரல் ஹவார்டுக்குத் தீவு மக்கள் எழுதிய பதிலை என்னால் மறக்க முடிவதில்லை. மரத்தில் கட்டிவைத்து 39 கசையடி கொடுத்தவன், தன் வயலில் தான் சொன்ன கூலிக்கு உழைத்தாலன்றி வெறுமையாய்க் கிடக்கும் குடிசையில்கூட இருக்க விடாதவன், காணி கிடைக்காதபடி மற்றவர்களோடு சேர்ந்து தடுப்பவன், அப்படிப்பட்டவனை மன்னிப்பது எளிதல்ல என்று அதில் எழுதியிருந்தார்கள்.

காணியை இழந்தவர்கள் விளைச்சலில் பங்கு என்ற பெயரில் முதலாளியின் கடனுக்குள் விழுந்தார்கள். 1877க்குப் பிறகு தென் மாநிலங்களில் மத்திய அரசின் பாதுகாப்பும் விலகியது. பின்னர் தலைவரியாலும் எழுத்தறிவுத் தேர்வாலும் பெரும்பாலோரின் வாக்கும் பறிபோனது. அதை மீட்க 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எங்கள் முன்னோர் சந்தையில் விற்கப்பட்ட அடிமைகள் அல்லர். இரண்டையும் ஒன்றென்று சொல்வது தவறு. ஆனால் குடியிருப்பும் வேலையும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை லயத்தில், அதாவது தோட்டத்தின் வரிசை வீடுகளில், பிறந்தவனுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் காம்பிராவுக்கு (லய அறைக்கு)ப் பின்னால் என் தகப்பனார் நட்ட பலா மரம் மூன்றாம் முறை காய்த்த வருடம், பிஞ்சுகளோடு அதை வெட்டிச் சாய்த்தார்கள். கேட்கப் போனவருக்கு, "காணி உன்னுடையதா?" என்பதே பதிலாகக் கிடைத்தது. அவருடைய தகரப் பெட்டியில் பிரஜாவுரிமைச் சான்றிதழ் பத்திரமாக இருந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எம்மை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்கும் போனது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. காணிக்கும் அத்தனை காலம் காத்திருக்கச் சொல்வது நியாயமாகாது. 7 பேர்ச்சஸ் (ஏறத்தாழ 1,900 சதுர அடி) காணியில் தனி வீடு பெற்ற குடும்பங்களைக் கண்டு மகிழ்கிறேன். இன்னும் லயங்களில் இருக்கும் குடும்பங்களுக்கும் அதே காணி கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவுசெய்யப்பட்ட உறுதியுடன் (உரிமைப் பத்திரத்துடன்) கிடைக்க வேண்டும். வீட்டில் ஒருவர் தோட்டத்தில் தொழிலாளியாகப் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த உறுதியில் ஓரிடத்திலும் இருக்கக் கூடாது என்பதை உரிய அமைச்சு எழுத்தில் அறிவிக்க வேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.