சேது காசுக்கு ஏலம் கேட்காதே

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். உன் செய்தி வந்த நேரம் வெள்ளவத்தையில் பேய் மழை, கரண்டும் இல்லை. நீ அனுப்பிய இரண்டு ஏலப் படங்களையும் இரவுதான் பெரிதாக்கிப் பார்க்க முடிந்தது. ஏலம் முடிய மூன்று நாள்தான் இருக்கிறது என்றாய். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: இரண்டையும் விட்டுவிடு.

முதலில் அந்தச் சேது காசு. ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, பிறை, கீழே 'சேது' என்ற எழுத்து. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசில் இருக்க வேண்டியதெல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த எழுத்தை நன்றாகப் பார். 'சே'யின் கொம்பு மேலே இன்னொரு சுழியோடு, பள்ளிக்கூடத்தில் நாங்கள் எழுதிப் பழகிய மாதிரியே இருக்கிறது. அந்தக் காலத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான். காசில் 'செது' என்றுதான் இருக்கும், வாசிக்கிறவர்தான் 'சேது' என்று வாசித்துக்கொள்வார். இரட்டைச்சுழிக் கொம்பைக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர், 18ஆம் நூற்றாண்டில். யாழ்ப்பாண அரசு 1619இலேயே போர்த்துக்கேயர் கையில் விழுந்துவிட்டது. நூறு வருடம் கழித்து வந்த எழுத்து அந்தக் காசில் எப்படி ஏறியது? இன்றைய அச்செழுத்தைப் பார்த்துத்தான் யாரோ வெட்டியிருக்க வேண்டும். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, மச்சான். எங்கள் அரசர்கள் விட்டுப்போன தடயமே கொஞ்சம்தான், அதிலும் கைவைக்கிறார்களே.

அது நல்ல காசாகவே இருந்தாலும் நீ ஒரு கேள்வி கேட்க வேண்டும். இங்கே இலங்கையில் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தொல்பொருள், அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அந்தக் காசு எப்போது, யார் கையால் கடல் கடந்தது? விற்கிறவரிடம் அதற்குப் பதில் இல்லை என்றால், காசு நல்லதோ கெட்டதோ, எனக்கு அது வேண்டாம். உனக்கும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் அந்த 1939 ஆறாம் ஜோர்ஜ் ரூபாய், பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளிக் காசு. இந்தக் கதை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானே ஏமாந்திருக்கிறேன். 1938 வேண்டிய மட்டும் கிடைக்கும், 1939 கிடைப்பது அபூர்வம். அதனால் 8ஐச் சுரண்டி 9 ஆக்குகிறார்கள். உன் படத்தில் வருடத்தை மட்டும் பெரிதாக்கி, முதல் 9ஐயும் கடைசி 9ஐயும் பக்கத்தில் வைத்துப் பார். முதல் 9இன் வால் மெல்லிதாக வளைந்து போகிறது. கடைசி 9இன் வால் தடித்து, அதைச் சுற்றி வெள்ளி கொஞ்சம் பளபளக்கிறது. ஊசியால் தட்டிய இடம் அது.

நான் வாங்கியது இப்படித் திருத்தியதுகூட இல்லை, முழுப் போலி. போன வருடம் ஓர் இணைய ஏலத்தில் எடுத்தேன், எந்த இடம் என்பது வேண்டாம். தபாலில் வந்ததும் செட்டியார் தெருவில் தெரிந்த பத்தர் ஒருவரிடம் கொண்டுபோனேன். தராசில் 11.66 கிராம், சரியாக இருந்தது. எனக்குச் சந்தோஷம். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு கிளாசில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூச்சியமாக்கினார். காசை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். அப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்குகிற தண்ணீரின் எடை. அந்த ரூபாய் 91.7 சதவீத வெள்ளி, அப்படியென்றால் தராசு 1.13 காட்ட வேண்டும். 1.31 காட்டியது. "தம்பி, இது செம்பும் நிக்கலும்போல" என்றார். எடையைச் சரிக்கட்ட காசைக் கொஞ்சம் தடிப்பாகச் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு 1938ஐ வைத்தபோதுதான் அந்தத் தடிப்பு என் கண்ணில் பட்டது. படத்தில் தடிப்புத் தெரியாது, மச்சான். அதனால்தான் விளிம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல், தராசில் வைத்தும் எடுக்கச் சொல் என்று உனக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். விளிம்பில் 1939க்குச் சாதாரண வரிப்பல்தான். நடுவில் பள்ளம் ஓடும் பாதுகாப்பு விளிம்பு 1940இல்தான் வந்தது, வெள்ளியை 50 சதவீதமாகக் குறைத்ததும் அந்த வருடம்தான். படம் தர மறுக்கிறவரிடம் வாங்காதே.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பழைய ஏலங்களின் படங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். என் காசில் அரசரின் காதுக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு இருக்கிறது, பிறை மாதிரி. அதே வெட்டு, அதே இடத்தில், வேறு இரண்டு விற்பனையாளர்களின் காசுகளிலும் இருந்தது! கைமாறிக் கைமாறி ஒரு காசில் விழும் காயம் இன்னொரு காசில் அப்படியே விழாது. அடிபட்ட ஒரு நல்ல காசிலிருந்து அச்செடுத்து, அந்தக் காயத்தோடேயே நூற்றுக்கணக்கில் அடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நான் படத்தில் முதலில் பார்ப்பது காயத்தைத்தான். நீயும் அப்படியே பார், பழைய ஏலங்களில் அதற்குச் சோடி கிடைக்கிறதா என்று தேடு. பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, தரம் போட்டு வருகிற காசென்றால், அதன் இலக்கத்தைத் தரம் போட்ட நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் படத்தோடு ஒப்பிடு. பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள், இலக்கம் மட்டும் போதாது.

இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது, வீட்டில் சத்தமே இல்லை. மனைவி உன் அம்மாவின் முழங்கால் எப்படி என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். டிசம்பரில் வருவாய்தானே? வந்தால் கோட்டையில் சதாம் தெருவிலுள்ள மத்திய வங்கியின் அருங்காட்சியகத்துக்கு ஒரு பின்னேரம் போவோம். நல்ல காசைப் பார்த்துப் பார்த்துத்தான் கண் பழக வேண்டும்.

உன் அம்மம்மாவின் வளவில் கிணறு இறைத்தபோது கிடைத்த அந்த ஒல்லாந்தர் துட்டு நினைவிருக்கிறதா? கனடாவுக்குப் போகும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். இன்னும் அதே நெருப்புப்பெட்டிக்குள், பஞ்சு சுற்றி, லாச்சியில் இருக்கிறது. கம்பனி முத்திரை பாதி தேய்ந்துவிட்டது, பச்சை நிறம் நகத்தால் சுரண்டினாலும் வராது. நேற்று உன் சேது காசின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரும்போது தருகிறேன்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து உன் நண்பன்