பெயர் தெரியாத அந்தக் குடும்பங்களுக்கு நன்றி

நரம்பு அறிவியலில் முனைவர் பட்டத்துக்கான என் ஆய்வேட்டைப் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமான நிமான்ஸில் சென்ற வாரம் சமர்ப்பித்துவிட்டேன். அதில் நன்றியுரையும் இருக்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. என் நன்றிக்கு உரியவர்களில் பலர் அதைப் படிக்கப் போவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, நான் பார்த்தே இராதவர்களுக்கு. இறந்தவர்களின் மூளையை ஆராய்ச்சிக்காகப் பாதுகாத்துவைக்கும் மனித மூளை வங்கி ஒன்று நிமான்ஸில் 1995 முதல் இயங்கிவருகிறது. அங்கிருந்து எனக்குக் கிடைத்த திசுக்களில் பெரும்பாலானவை சாலை விபத்தில் உயிரிழந்தவர்களுடையவை. காலையில் வேலைக்குப் புறப்பட்டவர் மாலையில் பிணவறையில் கிடக்கிறார். பிரேதப் பரிசோதனை முடியட்டும் என்று வாசலில் காத்திருக்கும் மனைவியிடமோ மகனிடமோ அண்ணனிடமோ, மூளையை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று யாராவது கேட்டாக வேண்டும். ஆற அமரப் பேசவும் அவகாசம் கிடையாது. நேரம் கடக்கக் கடக்கத் திசு கெட்டுவிடும். அந்த நிலையிலும் சம்மதித்துக் கையெழுத்திட்டவர்கள் நீங்கள். என் மேசைக்கு வந்தவை ஒரு குறியீட்டு எண், வயது, ஆணா பெண்ணா என்ற குறிப்பு, அவ்வளவே. அந்த எண்ணுக்குப் பின்னால் நீங்கள் இருந்தீர்கள் என்பதை மறந்து ஒரு நாளும் வேலை செய்யவில்லை.

நீங்கள் தந்தது எதற்குப் பயன்பட்டது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. வெட்டிப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே கரும்பட்டையாகத் தெரியும். நியூரோமெலனின் என்ற நிறமிதான் காரணம். டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் இந்தப் பகுதியின் செல்கள் அழிவதால்தான் பார்க்கின்சன் நோய் வருகிறது. கை நடுக்கம் வெளியே தெரியும்போது கணிசமான செல்கள் ஏற்கெனவே போயிருக்கும். ஆகவே, நோய் இல்லாதவர்களிடத்தில் வயது ஏற ஏற இந்தச் செல்களுக்கு என்ன நேர்கிறது என்று தெரிய வேண்டும். எலியை வைத்து இதை முழுமையாக அறிய முடியாது. எலியின் மூளையில் அந்தக் கரும்பட்டையே கிடையாது. வேறு நாட்டவரின் மூளையில் கண்டதை நமக்கு அப்படியே பொருத்திவிடவும் முடியாது. வயதானாலும் இந்தியர்களிடம் இந்தச் செல்கள் பெரிதாகக் குறைவதில்லை என்று நிமான்ஸ் ஆய்வாளர்கள் 2009-இல் எழுதினார்கள். என் ஆய்வு அந்தக் கேள்வியின் தொடர்ச்சி. நீங்கள் மறுத்திருந்தால் அது தொடங்கியே இருக்காது.

பிணவறை வாசலில் உங்களிடம் பேசிய ஊழியர்களுக்கும் என் வணக்கம். எங்கள் துறையிலேயே மிகக் கடினமான வேலை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து, திசுக்கூடத்து அண்ணா. மெழுகில் பதித்த திசுவை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் ஐந்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவ எனக்குக் கற்றுத்தந்தவர். சீவல் நாடாவாக நீண்டு வரும். தூரிகை நுனியில் ஏந்தி வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். மூச்சுக் காற்று பட்டாலும் மடிந்துகொள்ளும். நான் ஊசியால் மடிப்பை நீக்கப் போனால் கையைத் தடுத்து, "பொறு, தண்ணீரே பிரித்துக் கொடுக்கும்" என்பார். சில நொடிகளில் சுருக்கம் தானாக விரிந்துவிடும். அப்போது கண்ணாடித் தகட்டை அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் இவரைப் போன்றவர்களின் பெயர் அரிதாகவே வருகிறது. அது நியாயம் இல்லை. என் ஆய்வேட்டில் இருக்கும் ஒவ்வொரு படமும் அவர் கைத்திறனில் பாதி.

என் நெறியாளருக்கு நான் பட்ட கடன் பெரிது. டோபமின் செல்களை அடையாளம் காண வழக்கமாகச் சேர்க்கும் சாயம் பழுப்பு நிறம் தரும். இந்தச் செல்களோ இயல்பிலேயே பழுப்பு. சாயம் எது, நிறமி எது என்று பிரித்தறியாமல் மாதக்கணக்கில் திண்டாடினேன். அவர் விடையைச் சொல்லாமல், பழைய கண்ணாடித் தகடுகளை எடுத்துவந்து என்னோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீலச் சாம்பல் நிறம் தரும் சாயத்துக்கு மாறுவோம் என்ற முடிவுக்கு நானே வரும்வரை காத்திருந்தார். அந்தப் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

உதவித்தொகை தாமதமான மாதங்களில் என் உணவு விடுதிக் கட்டணத்தைக் கேட்காமலே கட்டிய அறைத் தோழிக்கும், தமிழ் வழியில் படித்த என்னிடம் "உனக்கு எட்டாத படிப்பு எதுவும் இல்லை" என்று சொன்ன விலங்கியல் ஆசிரியைக்கும், "படிப்பு எப்போது முடியும்" என்று கேட்ட உறவினர்களுக்கெல்லாம் என் சார்பில் பதில் சொல்லிக்கொண்டே இருந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நன்றி.

இதைப் படிக்கும் யாருக்காவது மூளைக் கொடை தரும் எண்ணம் இருந்தால், முதலில் வீட்டாரிடம் பேசிவிடுங்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்போது படிவத்தில் கையெழுத்திட்டிருந்தாலும், அந்த நேரத்தில் தகவல் சொல்லிச் சம்மதம் தர வேண்டியவர்கள் அவர்கள்தான்.