சரோவுக்கு, அந்த மஞ்சள் மாத்திரை பற்றி

அன்புள்ள சரோ,

பதில் போடாமல் இழுத்தடித்துவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே பெரியண்ணனைத் தவிர எல்லாரும் நலம்.

அண்ணனுக்குத் திடீரென்று கண்ணெல்லாம் மஞ்சள். ஈரல் கெட்டால் ரத்தத்தில் ஏறுமே, அந்த எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வைரஸ் எதுவும் இல்லை. குடியா? காசிக்குப் போய் அதை விட்டுவிட்டு வந்த கதைதான் உனக்குத் தெரியுமே, அதோடு சரி! டாக்டர் துருவித் துருவிக் கேட்டதும் அண்ணி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கிழங்குக் கேப்ஸ்யூல். ஈரலைக் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று அதன் மேலேயே போட்டிருக்கிறது. நிறுத்திய பிறகு எண்கள் மெல்ல இறங்குகின்றன.

நீயும் அதே மாதிரி ஒன்று தினமும் விழுங்குவதாக எழுதியிருந்தாயே. நிறுத்து, சரோ. இதில் விளையாட்டு வேண்டாம்.

குழம்பில் போடுகிற மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை. அதிலிருக்கும் குர்குமின் லேசில் உடம்பில் ஒட்டாது. மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் ரத்தத்தில் பல மடங்கு ஏறும். அமெரிக்காவில் 2022இல் வெளியான ஒரு தொகுப்பில், மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்ட 10 பேரில் 7 பேருக்கு ஒரே மரபணு வகை இருந்தது. ஒருவர் இறந்தே போனார். நம்மிடம் அந்த வகை இருக்கிறதா என்று யார் கண்டது? கிரீன் டீ குடிப்பதும் குழம்பு மஞ்சள் மாதிரிதான், தப்பில்லை. அதன் சாரத்தை மாத்திரையாக்கினால்தான் வம்பு.

விற்கிறவர்கள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் எரிச்சல். ஈரல் செல் கொழுப்பை எரிக்கும்போது ஆக்ஸிஜன் தீப்பொறிகள் சிதறும். அவற்றை அணைக்க ஈரலே குளுட்டதயோன் என்ற ஆன்டிஆக்ஸிடன்டைத் தயாரித்து வைத்திருக்கிறது. நம் வயதில் அந்த இருப்பும் குறைகிறது, ஈரலுக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. சரி, வெளியிலிருந்து ஊற்றலாமே என்று தோன்றும். 2010இல் வந்த பெரிய ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத, கொழுப்பால் ஈரல் வீங்கியவர்களுக்கு வைட்டமின் ஈ தினம் 800 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 43 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதம்தான். ஆனால் ஈரலில் விழுந்த தழும்பு குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. உனக்கோ சர்க்கரை இருக்கிறது. அதே வைட்டமின் ஈயை 400 யூனிட் எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 2011இல் இன்னொரு ஆய்வு சொன்னது. உன் வீட்டுக்காரரிடமும் சொல்லி வை.

கொழுப்பு ஈரலுக்கு உறுதியாகப் பலன் தருவது எடை குறைப்பதுதான். 7 முதல் 10 சதவீதம். முகத்தைச் சுளிக்காதே. ஒரு நல்ல செய்தியும் உண்டு: காபி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். உன் பித்தளை ஃபில்டர் பிழைத்தது. சர்க்கரையை மட்டும் விடு.

அப்புறம், உன் வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் எல்லாம் வைத்துத் தழும்பைக் கணிக்க ஒரு கணக்கு இருக்கிறது. 65 தாண்டியவர்களுக்கு 2-க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் பயமில்லை. ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பு, நானே போட்டுச் சொல்கிறேன். அதில் வர்க்கமூலம் வேறு வருகிறது, நீ தொடாதே.

உன்
விசாலம்