தாராவி: வாசலையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாராவி மறுசீரமைப்பு பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் செய்திகளைத் தவறாமல் படிக்கிறேன். 350 சதுர அடி வீடு யாருக்கு, 2000 ஜனவரி 1-க்கு முன்பே இங்கே இருந்ததற்குக் காகிதம் உண்டா, மாடியில் குடியிருப்பவர்களை எங்கே அனுப்புவார்கள் என்பதைச் சுற்றியே எல்லாப் பேச்சும் நடக்கிறது. தேவையான பேச்சுதான். ஆனால் வீட்டுக்கு வெளியே இருக்கும், கல்லி என்று நாங்கள் சொல்லும் குறுகலான தெருவைப் பற்றி யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. என் பயமெல்லாம் அதைப் பற்றித்தான்.

எங்களுக்குப் பிழைப்பு முறுக்கு. 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு கல்லியில் மாமியார் காலத்திலிருந்து போடுகிறோம். மாவு அரைப்பது பின்தெரு மில்லில். அடுப்பு வீட்டுக்குள். பிழிவது மட்டும் வாசலில். துணியை விரித்து அக்கம்பக்கத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். எண்ணெய் டின் முனைக்கடையில் கடனுக்கு வரும், தீபாவளி ஆர்டர் பணம் கைக்கு வந்ததும் அடைப்போம். எதிர்வீட்டு அண்ணாச்சி விடியுமுன் இட்லி டப்பாவை சைக்கிளில் கட்டுவதும் அதே கல்லியில்தான். பிழிய வருகிறவர்களின் பிள்ளைகள் கண்ணெதிரே விளையாடுவதால்தான் அவர்களால் வேலைக்கு வர முடிகிறது. பத்தாவது மாடியில் ஒரு வீட்டைக் கொடுத்தால் அடுப்பு வரும், இதில் வேறு எதுவும் வராது.

இந்தச் சாக்கடையும் பொதுக் கக்கூஸ் வரிசையும் அப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல வீடு எங்களுக்கு வேண்டும். மழைக்காலத்தில் ஒரு வாரம் இங்கே இருந்து பார்த்தவர்களுக்கு அது புரியும்.

என் மகள் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறாள். சுமார் மூன்று லட்சம் பேர் வாழும் நடுத்தர ஊர். பக்கத்தில் பென் ஹில்ஸில் வெங்கடேஸ்வரர் கோயில் இருப்பதால் நம்மவர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே போயிருந்தபோது ஈஸ்ட் லிபர்ட்டி என்ற பகுதியைக் காட்டினாள். உயரமான தேவாலயக் கோபுரம், அதைச் சுற்றிக் கடைவீதி. அந்த இடத்தின் கதையை அவள் சொல்லச் சொல்ல எனக்குத் தாராவிதான் நினைவுக்கு வந்தது.

ஒரு காலத்தில் அது ஊரின் பெரிய வியாபார இடங்களில் ஒன்று. புறநகரில் கார் நிறுத்த வசதியோடு புதுக் கடைவளாகங்கள் வரத் தொடங்கியதும், வியாபாரம் போய்விடுமே என்று பயந்து 1960-களில் சீரமைப்பில் இறங்கினார்கள். கெடுக்க வேண்டும் என்று யாரும் செய்யவில்லை. பென் அவென்யூ என்ற முக்கிய வீதியில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். சுற்றிலும் பென் சர்க்கிள் என்று ஒரு வழிப் பாதையாக வட்டச் சாலை போட்டார்கள். பழைய கட்டடங்களை இடித்துக் கார் நிறுத்தும் இடங்களும் அடுக்குமாடிகளும் கட்டினார்கள். என்ன ஆயிற்று? வண்டிகள் வட்டச் சாலையிலேயே சுற்றிக்கொண்டு போய்விட்டன. பக்கத்துத் தெருக்காரர்களுக்கோ கடைக்கு வர அந்த அகலச் சாலையைக் கடக்க வேண்டியதாயிற்று. 1959-ல் 575 ஆக இருந்த கடைகளும் தொழில்களும் 1979-ல் 98 ஆகிவிட்டன. அப்புறம் வீதியைத் திரும்பத் திறந்தார்கள், அடுக்குமாடிகளை இடித்தார்கள், வட்டச் சாலையையும் இருவழியாக மாற்றினார்கள். ஒரு தலைமுறைக்கு மேல் போய்விட்டது.

இப்போது அங்கே கூட்டம் இருக்கிறது. பக்கத்திலேயே கூகுள் அலுவலகம்கூட 2010-ல் வந்துவிட்டது. ஆனால் 2015-ல் பென் பிளாசா என்ற குடியிருப்பில் வாடகைக்கு இருந்த 200-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 90 நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தார்கள். பெரும்பாலும் கறுப்பின மக்கள். தெரு பிழைத்து வந்த நேரத்தில் அதில் புழங்கியவர்களுக்கு அங்கே இடமில்லை. இதைக் கேட்டபோது எனக்கு மனசே ஆறவில்லை.

தாராவியில் இனிமேல்தான் எல்லாம் கட்டப் போகிறார்கள். அதனால் இப்போதே கேட்கிறேன். வீட்டுக்கு நம்பர் எழுதுவதோடு சர்வே முடியக் கூடாது. எந்த வாசலில் என்ன வேலை நடக்கிறது, எத்தனை பேர் உட்காருகிறார்கள், சரக்கு எந்த வழியாக வந்து போகிறது என்பதையும் கல்லி கல்லியாக எழுத வேண்டும். மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு கீழே வந்து வேலை செய்கிறவர்களின் பெயரும் அதில் வர வேண்டும். எங்களிடம் பிழிய வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படிப்பட்டவர்கள்தான். புதுக் கட்டடங்களில் தரைத்தளத்தை வீட்டுத்தொழில் செய்கிறவர்களுக்கு, எங்களால் கொடுக்க முடிகிற வாடகையில் ஒதுக்க வேண்டும். தெருக்களின் அகலத்தைக் காட்டும் வரைபடத்தை எங்களுக்குப் புரியும் மொழிகளில் தாராவிக்குள் இருக்கும் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் ஒட்ட வேண்டும். அதிகாரிகளிடம் அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கி, தமிழில் விளக்கத்தோடு உங்கள் பத்திரிகையில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை-17