பரீட்சை நாளில் வீட்டில் நிற்கும் பிள்ளைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த தவணைப் பரீட்சைக்கு முதல் நாள் மகனின் வகுப்பாசிரியை எனக்குத் தொலைபேசி எடுத்தார். "பரீட்சை முடியுமட்டும் தம்பியை வீட்டில நிப்பாட்டுங்கோ அம்மா. அவனுக்கும் கரைச்சல், மற்றப் பிள்ளைகளுக்கும் கரைச்சல்" என்றார். நல்ல மனுசி அவர். மழை நாளில் மகனைக் கைபிடித்து வாசல்வரை கூட்டி வந்து விடுகிறவர். அவர் சொன்னதில் வன்மம் ஏதும் இல்லை. அதனால்தான் எனக்குக் கூடுதலாக நொந்தது.

மகன் ஐந்தாம் தரம் படிக்கிறான். பிறக்கும்போதே இரண்டு கண்ணிலும் புரை. குழந்தையிலேயே சத்திரசிகிச்சை செய்தாயிற்று. ஆனாலும் தடித்த கண்ணாடியோடு புத்தகத்தை மூக்கடிக்குக் கொண்டுபோனால்தான் எழுத்துத் தெரியும். தவணை வினாத்தாளோ மங்கின மையில், நெருக்கி அடித்த சின்ன எழுத்தில் வருகிறது. வரி தப்பாமலிருக்க அடிமட்டத்தைக் கீழே வைத்து வாசிப்பான். வாசித்து முடிய அடுத்த வரிக்கு இறக்குவான். விடை எழுதத் திரும்பினால் விட்ட இடம் தவறிவிடும், மறுபடியும் தேட வேண்டும். 'இந்த வரிசையில் அடுத்து வரும் உருவம் எது' என்ற மாதிரிக் கேள்விகளில்தான் பெரிய சிக்கல். கட்டத்துக்குள் இருக்கும் புள்ளி எந்த மூலையில் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாது. யோசிக்க அவனுக்குத் தெரியும், அந்தப் புள்ளிதான் தெரிவதில்லை.

அவனை வீட்டில் வைத்திருந்த அந்த நாட்களில் ஒரு வேலை செய்தேன். முன்னைய வருடத்து வினாத்தாள் ஒன்றை விசுவமடுச் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்து, ஏ4 பக்கத்தை ஏ3 ஆகப் பெருப்பித்து எடுத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பணிஸ் வாங்கும் காசுகூடப் போகவில்லை. விறாந்தையில் வெளிச்சம் கூசாத பக்கமாக இருத்தி எழுத விட்டேன். ஒன்றேகால் மணித்தியால வினாத்தாள், அவனுக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. 60 கேள்விகளில் 41 சரி. பிழையாகத் திருத்திவிட்டேனோ என்று இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன். 41தான்.

இந்தப் பிள்ளையைத்தான் பரீட்சைக்கு வரவேண்டாம் என்கிறோம்.

பல பெற்றோருக்குத் தெரியாத ஒரு விடயம் இருக்கிறது. தேசியப் பரீட்சைகளில் விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்குப் பெரிய எழுத்து வினாத்தாள், பிரெய்ல் வினாத்தாள், மேலதிக நேரம், எழுதித்தர ஓர் ஆள் என்று பரீட்சைத் திணைக்களம் ஏற்பாடு செய்து கொடுக்கிறது. ஆனால் பாடசாலைப் பிள்ளையின் விண்ணப்பம் அதிபர் ஊடாகத்தான் போகவேண்டும், மருத்துவச் சான்றும் வேண்டும். மூன்றாம் தரத்திலிருந்து தவணைப் பரீட்சைக்கே வராத பிள்ளைக்கு என்ன தேவை என்று யாருக்குத் தெரியும்? புள்ளிப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்றுதான் இருக்கும். சரி, ஒருமாதிரி சாதாரண தரப் பரீட்சைக்கு அனுமதி எடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். நாம் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவது லேசான காரியமா? கணக்கின் ஒவ்வொரு படியையும் வாயால் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் தவணைப் பரீட்சையில் வராவிட்டால் வேறு எங்கே வரும்?

பாடசாலைகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதும் எனக்கு விளங்குகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் வாசலில் பதாகை கட்டவேண்டும், 70 புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை வீதம் என்று கூட்டத்தில் அதிபர் பதில் சொல்லவேண்டும். தோற்றியவர்களை மட்டும் வைத்து வீதம் பார்த்தால், குறைவாக எடுப்பான் என்று நினைக்கிற பிள்ளையை நிறுத்துவதுதான் சுகமான வழி. அந்தக் கணக்கை மாற்றுங்கள். பதிவேட்டில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் வைத்து வீதம் பாருங்கள். வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று அதிபரிடம் கேளுங்கள்.

கண் தெரியாத, காது கேளாத பிள்ளைகளுக்கான கைதடி நவீல்ட் பாடசாலையில் சேர்க்கலாமே என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பாடசாலை மேல் எனக்கு மிகுந்த மதிப்பு இருக்கிறது. ஆனால் பெரிய எழுத்தில் ஒரு தாள் இருந்தால் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கக்கூடிய பிள்ளையை, இந்த வயதில் தாயைப் பிரித்து விடுதியில் விடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மாற்றுத்திறனாளிகளைக் கல்வி நிறுவனங்களில் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சேர்த்த பிள்ளையைப் பரீட்சை நாளில் வீட்டுக்கு அனுப்பினால் அது என்ன சேர்ப்பு?

வசதி இல்லை என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். 2009 ஆவணியில், போர் முடிந்து எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களுக்குள்ளேயே உயர்தரப் பரீட்சையும் புலமைப்பரிசில் பரீட்சையும் நடந்தன. அந்த முறை உயர்தரம் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. தற்காலிகக் கொட்டகை, வியர்வையில் தாள் கையோடு ஒட்டும். முள்ளிவாய்க்காலிலிருந்து ஒரு புத்தகம்கூட இல்லாமல் வந்த எங்களுக்கு மேசை, கதிரை, சுட்டெண், வினாத்தாள் எல்லாம் வந்து சேர்ந்தன. எல்லாம் இழந்த பிள்ளைகளும் எழுதத்தான் வேண்டும் என்று அன்று யாரோ தீர்மானித்தார்கள்.

வடமாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் வன்னியின் வலயக் கல்விப் பணிமனைகளிடமும் நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. ஏ3 பிரதியை என் செலவிலேயே எடுத்துக் கொடுப்பேன். ஆனால் தவணை வினாத்தாள் ஒட்டிய உறையில்தான் பாடசாலைக்கு வருகிறது. பரீட்சை நேரத்துக்கு முன் அதைப் பிரிக்க அதிபருக்கும் அதிகாரம் இல்லை. அதனால் அச்சடிக்கும் இடத்திலேயே பெரிய எழுத்துப் பிரதிகளையும் அடித்து, எந்தப் பாடசாலைக்கு எத்தனை வேண்டும் என்று தவணை தொடங்கும்போதே கேட்டு வாங்குங்கள். மேலதிக நேரம் கொடுக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கையும் அனுப்புங்கள். எங்கள் பாடசாலைக்கு இப்போதைக்கு ஒரு பிரதி போதும். அடுத்த தவணைப் பரீட்சைக்கு மகனை அடிமட்டத்தோடு அனுப்பி வைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
விசுவமடு.