என் பெயரை அந்த மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள்

அருட்பெருஞ்ஜோதி அருட்பெருஞ்ஜோதி
தனிப்பெருங்கருணை அருட்பெருஞ்ஜோதி

எங்கள் ஊர் சன்மார்க்க சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் அன்பர்களுக்கு,

தயவுடையீர், வந்தனம்.

போன மாதப் பூசத்தன்று வழிபாடு முடிந்து எல்லோரும் ஒன்றாகத்தான் கஞ்சி குடித்தோம். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் அந்த மனுவைப் பார்த்தேன். பள்ளிச் சத்துணவில் முட்டையை அடியோடு நிறுத்தக் கோரி, வள்ளலார் பிறந்த அக்டோபர் 5, தனிப்பெருங்கருணை நாளன்று மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கப்போகிறீர்களாம். கையெழுத்து வரிசையில் மூன்றாவதாக என் பெயர். பெயருக்குக் கீழே ஒரு வரி: 'தாம் பணியாற்றிய பள்ளியில் 60 குழந்தைகளை முட்டையிலிருந்து மீட்டெடுத்த தலைமையாசிரியர்.'

நான் இதில் கையெழுத்துப் போடவில்லை. 2012-இல் இதே போன்ற ஒரு மனுவில் போட்டேன், மறுக்கவில்லை. அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். அதில் உள்ள இரண்டு பேர் காலமாகி வருஷக்கணக்காகிறது. நம் மார்க்கத்தில் மரணமிலாப் பெருவாழ்வு உண்டுதான். ஆட்சியர் அலுவலகத்துத் தபால் பிரிவில் அதை ஒத்துக்கொள்வார்களா தெரியாது.

என் வேண்டுகோள் சின்னது. என் பெயரை எடுத்துவிடுங்கள். 'மீட்டெடுத்த' என்ற அந்த வரியைக் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். முடிந்தால் மனுவையே கொடுக்காமல் விடுங்கள்.

ஏன் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டார். 'வயசாயிடுச்சா சார், உறுதி போயிடுச்சா?' என்று சிரித்தார். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் முட்டைக்கு எதிராக எவ்வளவு தீவிரமாக இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1982-இல் சத்துணவு தொடங்கியபோது முட்டை கிடையாது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று நுழைந்து, 2010-இல் வாரத்துக்கு ஐந்து என்றானது. அந்த ஐந்து என் பள்ளிக்கு வந்தபோது, என் வீட்டு வாசலில் யாரோ ஆட்டை அறுத்த மாதிரி இருந்தது எனக்கு. சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கலாம் என்று விதியில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். தினமும் காலைப் பிரார்த்தனையில், 'இன்னிக்கு முட்டை வேணாம்னு சொல்ற செல்லங்கள் கை தூக்குங்க' என்பேன். தூக்கினவர்களுக்குக் கைதட்டல். ஒரு மாதம் தொடர்ந்து தூக்கினால் ஒரு நோட்டும், 'ஜீவகாருண்யச் செல்வம்' என்று என் கையால் எழுதிய அட்டையும். மதியப் பந்தியில் அவர்களுக்குத் தனி வரிசை, வேப்பமர நிழலில். மற்றவர்கள் சுவரோரம், வெயிலில். வெயிலில் உட்காரவைக்க வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. நிழல் அவ்வளவுதான் இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று நான் முடிவு செய்தேன். நம் மஞ்சள் வெள்ளைக் கொடியைப் பள்ளியில் காட்டி விளக்கியபோது ஒரு பையன், 'சார், அவிச்ச முட்டை கலரு' என்றான். அவனை அன்று முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவன் சொன்னது சரி.

அந்த நிழல் வரிசையில் முதலில் வந்து உட்காருகிறவள் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி. அம்மா முந்திரி உடைக்கப் போகிறவர். பண்ருட்டிப் பக்கத்துக்காரர்களான உங்களுக்கு அந்தக் கை எப்படியிருக்கும் என்று தெரியும். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்நுனி கறுத்து, தோல் உரிந்து, ரேகையே இருக்காது. அப்பா இருந்தார், எப்போதாவது.

ஒருநாள் மதியம், பந்தி முடிந்து மணி அடிப்பதற்கு முன்னால் சமையல்கூடத்துக்குப் பின்பக்கம் போனேன். பிள்ளைகள் தட்டு கழுவும் குழாயடி அது. சில பிள்ளைகளுக்கு மஞ்சள்கரு பிடிக்காது. வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை அங்கே எறிந்துவிடுவார்கள். காக்கை வரும், நாய் வரும். அன்று அவள் உட்கார்ந்திருந்தாள். எறிந்து கிடந்த உருண்டைகளைப் பொறுக்கி, குழாயில் காட்டி, ஒட்டியிருந்த மண்ணையும் சோற்றையும் விரலால் வழித்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் பட்டால் அவித்த மஞ்சள்கரு கரைந்துவிடும். அதனால் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வைத்திருந்தாள். பல நாள் பழக்கம் இருந்தால்தான் அந்தக் கணக்கு வரும்.

என்னைப் பார்த்ததும் எழுந்து புறங்கையால் வாயைத் துடைத்தாள். உதட்டோரம் மஞ்சள் அப்படியே இருந்தது.

'நான் முட்டை திங்கல சார்.'

அன்றைக்கு என் மனம் மாறிவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். மாறவில்லை. கோபம்தான் வந்தது. பொய் சொல்கிறாள், அட்டை வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறாள் என்று கோபம். மறுநாள் அவளை நிழல் வரிசையிலிருந்து எழுப்பிச் சுவரோரம் அனுப்பினேன். அங்கே போயும் அவள் முட்டை வாங்கவில்லை. வாழைப்பழத்தைத்தான் வாங்கினாள். திரும்ப நிழலுக்குக் கூப்பிடுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறாள்.

அடுத்த மாதம் பள்ளி மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டரம்மா அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். எடை பார்த்தார். ஒன்பது வயதுக்கு 17 கிலோ. 'இங்க தினம் முட்டை போடுறீங்கல்ல, சாப்பிடுறியா?' என்று கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: 'நான் ஜீவகாருண்யம் மிஸ்.'

அம்மாவை வரச்சொன்னோம். அவர் கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு நின்றார். 'பெரிய சார் வேணாம்னு சொல்றாருன்னு சொல்லுச்சு. சார் சொன்னா சரியா இருக்கும்னு வூட்லயும் மீன், முட்ட எதுவும் குடுக்கிறதில்ல சார்' என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. என்னைத் திருப்திப்படுத்துவதற்காகச் சொன்னார்.

மறுநாளிலிருந்து கை தூக்கச் சொல்வதை நிறுத்தினேன். ஆனால் சங்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான் அந்த 2012 மனுவில் கையெழுத்தும் போட்டேன். குழாயடியைப் பார்த்த பிறகு போட்ட கையெழுத்து அது. இந்த ஊரில் என்னை எல்லோரும் 'சன்மார்க்க வாத்தியார்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை இழக்கப் பயம்.

நான் இன்றும் முட்டை தொடுவதில்லை. தொடப்போவதும் இல்லை. நாமக்கல் கூண்டில் அந்தக் கோழி படும் பாட்டை நினைத்தால் இன்றும் சகிக்கவில்லை. சேவல் படாத முட்டைதானே, உயிரில்லையே என்று வாதம் செய்து தப்பித்துக்கொள்ளவும் எனக்கு விருப்பமில்லை. பொரிப்பகத்தில் சேவல் குஞ்சுகளை என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மாறியது ஒன்றே ஒன்றுதான். என் விரதத்தை அடுத்தவன் வீட்டுப் பிள்ளையின் வயிற்றில் வைத்து நிறைவேற்ற எனக்கு உரிமை இருக்கிறது என்று நம்பினேன் பாருங்கள், அது போய்விட்டது.

கொலை புலை தவிர்த்தோர் மட்டும் உள்ளே வர வேண்டும் என்று வள்ளல் பெருமான் எழுதி வைத்ததை எனக்கு நினைவுபடுத்துவீர்கள். ஆம், இருக்கிறது. வடலூர் ஞான சபை வாசலில் இருக்கிறது. 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிற தருமச்சாலையில், பந்தியில் உட்காருகிறவனை நேற்று என்ன தின்றாய் என்று யாரும் கேட்பதில்லை. புலால் உண்பவரைப் புறவினத்தார் என்று கடுமையாகப் பிரித்த அதே பாட்டில், அவர்களுக்கும் பசி தவிர்த்தலை மட்டும் செய் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். பசியில் மட்டும் அவர் அகம், புறம் பார்க்கவில்லை. நானோ பசியில்தான் பார்த்தேன். வேப்பமர நிழலை அகவினத்துக்கும் வெயிலைப் புறவினத்துக்கும் பிரித்துக் கொடுத்தேன். வெயிலில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று நான் எழுதவில்லை. நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

உறுதி போய்விட்டதா என்று கேட்ட செயலாளருக்கு இன்னொன்று. 1873-இல் மேட்டுக்குப்பத்தில் கொடி கட்டிவிட்டுப் பேசியபோது பெருமானே என்ன சொன்னார்? முன்பு தமக்குச் சைவ சமயத்தில் இருந்த பற்று அளவிட முடியாதது, அது இப்போது எங்கே போயிற்று பாருங்கள் என்றார். அப்போது தமக்கு அறிவு அவ்வளவு கொஞ்சமாக இருந்தது என்று, கூட்டத்துக்கு முன்னால், கொஞ்சமும் கூசாமல் சொன்னார். ஐம்பது வயதில் அவர் சொன்னதை, அறுபத்தெட்டு வயதில் நான் சொன்னால் மட்டும் உறுதி போய்விட்டதாகுமா?

மனுவின் இரண்டாம் பக்கத்தில் முட்டைக்கு மாற்றாகப் பாலும் பேரீச்சையும் முந்திரியும் தரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல யோசனை. முந்திரிக்காட்டு ஊரில் இருந்துகொண்டு, அந்தப் பெண்ணின் அம்மா உடைத்த முந்திரியை அவளுக்கு ஒரு கையளவு கொடுக்க நம் சங்கம் எந்த வருஷமாவது முன்வந்ததுண்டா? பெருமானின் 200-ஆவது பிறந்த ஆண்டுக்கு நாம் வைத்த டிஜிட்டல் பேனர் மொத்தம் பதினான்கு. எண்ணினேன். ஒவ்வொன்றிலும் பெருமான் படத்தைவிடத் தலைவர் படம் பெரிது. பேனர் செலவைக் கேட்டபோது, 'கணக்குப் பார்க்கிற இடமா சார் இது' என்றார்கள். சரி, நான் எதற்கோ உட்கார்ந்து எதையோ எழுதுகிறேன். தலைவர் மன்னிக்கவும்.

கேட்க வந்தது மனுவைப் பற்றித்தான். 2021 டிசம்பரில் கர்நாடகத்தில் மடாதிபதிகள் பள்ளி முட்டையை எதிர்த்தபோது, கங்காவதிப் பக்கத்துப் பள்ளி மாணவி ஒருத்தி, முட்டையை நிறுத்தினால் உங்கள் மடத்துக்கே வந்து தின்போம் என்று பேசிய வீடியோவை நம் குழுவில்தான் யாரோ போட்டீர்கள், என்ன திமிர் பாருங்கள் என்று. நான் அதை நாலு தடவை பார்த்தேன். என் பள்ளியில் ஒரு பிள்ளைக்கும் அந்தத் திமிர் இல்லை. நான் வளர்த்த பிள்ளைகள் குழாயடிக்குப் போய் யாருக்கும் தெரியாமல் தின்றார்கள்.

ஆகவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். பெயரை எடுத்துவிடுங்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள். அக்டோபர் 5-க்கு முன்னால் திருத்திய படியைக் குழுவில் போட்டால் போதும். போடாவிட்டால், இந்தக் கடிதத்தின் நகலை ஆட்சியரிடம் நானே கொடுக்க வேண்டியிருக்கும். அதைச் செய்ய எனக்கு மனமில்லை.

வரும் பூசத்துக்கு வழக்கம்போல் விடியற்காலை நாலரைக்குக் காய் நறுக்க வருவேன். அரிவாள்மனை என் வீட்டில்தான் இருக்கிறது. வர வேண்டாம் என்றால் யாராவது வந்து அதை வாங்கிக்கொண்டு போகவும்.

தயவுடன்,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்