பொங்கல் கழிந்ததும் 11 பேருக்கு அறுவை சிகிச்சை: இன்னும் 65,550 ரூபாய் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

நமது மறுவாழ்வுக் குடியிருப்பிலும் பக்கத்துக் கிராமங்களிலும் உள்ள 11 பேருக்கு, மடங்கிய விரல்களையும் தொங்கும் பாதத்தையும் சீராக்க ஜனவரி 20-ஆம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள். எல்லாரும் கூட்டு மருந்தை முழுதாக உண்டு தொழுநோய் நீங்கியவர்கள். நோய் போகும்போது நரம்பைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனை ஒரு பைசா கேட்கவில்லை. பிறகு எதற்குப் பணம் என்று கேட்பீர்கள்.

நல்ல தசை ஒன்றை எலும்போடு இணைக்கும் நாணை விரல்களுக்கு மாற்றிக் கட்டினால் மூன்று வாரம் மாவுக்கட்டு. காலுக்கு இன்னும் கூடும். பிரித்த பிறகு நான்கு வாரம் பயிற்சி. புது வேலையை அந்தத் தசை பழகாவிட்டால் கத்தி வைத்ததே வீண். ஆக, குறைந்தது 49 நாள் கூலி கிடையாது; சோறு ஊட்டவும் ஓர் ஆள் வேண்டும். சென்ற முறை சித்தாள் வேலை பார்க்கும் ஒரு தாய், "பிள்ளைகளுக்கு யார் பொங்கிப் போடுவது?" என்று மருத்துவமனை வாசலிலிருந்தே திரும்பிவிட்டார். பதிவேட்டில் அவர் 'சிகிச்சைக்கு மறுத்தவர்'. மறுத்தது அவரா, நாமா?

கணக்கு இதுதான். ஒருவருக்குத் துணையாள் சாப்பாடு 7,350 ரூபாய், வீட்டு அரிசி மளிகை 5,000, போக்குவரத்து 1,200, உணர்விழந்த பாதத்துக்கான மென்ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பு 900. கூட்டினால் 14,450. பதினொரு பேருக்கு 1,58,950. கையில் இருப்பது 93,400. இந்த அறுவை சிகிச்சை செய்துகொள்பவருக்கு அரசு தரும் 12,000 ரூபாய் உதவித்தொகை தவணையாக வருகிறது. முதல் வாரத்து உலைக்கு அது உதவாது. அது வந்ததும் நாம் கொடுத்ததைப் பிடித்துக்கொள்ளலாம் என்று குழுவில் இருவர் சொன்னார்கள். கூடாதென்று முடிவு செய்தோம். இது கடன் அல்ல.

நம் பெரியவர்களுக்கு இது புதிய கதையும் அல்ல. தொழுநோயாளியை உள்ளே விட்டால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்று பொது மருத்துவமனைகள் அஞ்சிய காலம் அது. 1946-இல் வேலூர் வந்த அறுவை சிகிச்சை மருத்துவர் டாக்டர் பால் பிராண்ட், செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிய கைகளைப் பார்த்து, தோலைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள், கையை ஏன் யாரும் பார்ப்பதில்லை என்று வியந்தார். 1948-இல் அப்படி ஒரு கையை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தினார். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே நம்மவர் கைகளைச் சரிசெய்தார். நிமிர்ந்த கைக்குத் தொழில் வேண்டுமென்று வேலூரில் இருந்த மறுவாழ்வு மையமான நவஜீவ நிலையத்தில் தச்சு கற்றுக்கொடுத்தார்கள். அங்கே உளி பிடித்த ஒருவர், எண்பதைத் தாண்டி, இன்றும் நம் மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டி, "இதால்தான் தாலி கட்டினேன்" என்பார். எத்தனையாவது முறை என்று நாங்கள் எண்ணுவதில்லை.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! மூன்று மூட்டை அரிசி இறக்கிவிட்டு ரசீது வேண்டாமென்று போன கடைக்காரருக்கு. தையல் குழுப் பெண்களின் 5,000 ரூபாய்க்கு. ஞாயிறுதோறும் எண்ணெய் தடவி விரல்களை நீவிப் பயிற்சி கொடுக்கும் ஓய்வுபெற்ற பிசியோதெரபி அம்மாவுக்கு. அரக்கோணத்திலிருந்து மாதாமாதம் பெயரில்லாமல் 501 ரூபாய் அனுப்பும் புண்ணியவானுக்கு. உண்டியலை உடைத்து 387 ரூபாய் கொடுத்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. அம்மன் அவர்கள் குடும்பங்களைக் காக்கட்டும். சிற்றாலயத்து ஜெபத்திலும் அவர்களை நினைக்கிறோம்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஆடிக் கூழுக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் பத்தொன்பதே நாளில் 2,10,000 ரூபாய் சேர்த்தோம். அம்மனுக்குச் செய்தது சரிதான். இதற்கு இரண்டு மாதமாக நடையாக நடக்கிறோம். சென்னையிலும் பெங்களூரிலும் நல்ல வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள், முகவரியில் குடியிருப்பின் பெயரை எழுதுவதில்லை. எழுதினால் வாடகைக்கு வீடு கிடைக்காது. காரணம் எங்களுக்கும் தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் உங்களைத் தூக்கிய கைகளை நிமிர்த்தியவர்கள், உங்கள் தாத்தாவின் ஊரைக் கேட்கவில்லை.

போகி அன்று மாலைக்குள் பொருளாளரிடமோ நூலகத்திலோ செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். துணையாளாக 49 நாள் இருக்க முடிந்தவர்களும் பெயர் கொடுக்கலாம். அது பணத்தைவிடப் பெரிய உதவி. பழைய துணி வேண்டாம். சென்ற ஆண்டு வந்த மூட்டைகளே இன்னும் பிரிக்காமல் கிடக்கின்றன.

இங்ஙனம்,
அறுவை சிகிச்சைத் துணை நிதிக் குழுவினர்